காப்பிக் களத்தில் ஏழு பிளசர்கள்

போடி ரயில் நிலையத்தில் என்னை அழைத்துப்போக வந்திருந்த தங்கராசு அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை. நேராகக் கையிலிருந்த பையைப் பார்த்தார்.

"கொண்டாந்துட்டியா?" என்றார்.

அவர் என் பெரியப்பா மகன். எங்களுக்குள் பதினைந்து வருஷமாகக் கடிதப் போக்குவரத்து உண்டு. நேரில் பார்ப்பது அன்றுதான் முதல் தடவை. கொண்டுவந்துவிட்டேன் என்று சொன்னதும்தான் நிமிர்ந்து பார்த்து, "சித்தப்பா மூக்கு அப்படியே இருக்கு" என்று என் தோளைப் பிடித்துக் குலுக்கினார். அதற்குள் பையும் அவர் கைக்குப் போய்விட்டது.

பையில் இருந்தது ஒரு ஆயில் சீல். உள்ளங்கையில் அடங்குகிற ரப்பர் வளையம். பழைய காரின் எஞ்சினுக்கு முன்பக்கம், தண்டு வெளியே வருகிற இடத்தில் இதைப் பொருத்தினால் எண்ணெய் ஒழுகாது. மலேசியாவில் ஈப்போ நகரத்தில் ஒரு மோட்டார் உதிரிபாகக் கடையில் இருபது வருஷமாக நான் விற்கிற சரக்கு. அண்ணன் இரண்டு வருஷமாக ஒவ்வொரு கடிதத்திலும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். தபாலில் அனுப்பினால் தொலைந்துவிடும் என்றும் அவரே எழுதியிருந்தார். சேர்ந்திருந்த விடுமுறையை எடுத்துக்கொண்டு, அப்பா பிறந்த ஊரைப் பார்த்த மாதிரியும் இருக்கும் என்று நானே கிளம்பிவிட்டேன். எண்பத்திரண்டாம் வருஷம், பொங்கல் சமயம்.

மதுரையிலிருந்து வந்த ரயில் எந்த அவசரமும் இல்லாத ரயில். ஆண்டிபட்டிக் கணவாய் ஏற்றத்தில் என் எதிர் இருக்கைக்காரர் இறங்கினார், வேலியோரம் ஒதுங்கினார், வேட்டியைச் சரிசெய்துகொண்டு நடந்துவந்து அதே பெட்டியில் ஏறினார். எங்கள் ஊரில் ரயில் தாமதமானால் கோபப்படுவார்கள். இங்கே அதையும் ஒரு வசதியாக வைத்திருக்கிறார்கள்.

கார் வைத்திருக்கிற அண்ணன் என்னை அழைக்கச் சைக்கிளில் வந்திருந்தார். பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு இருவரும் நடந்தோம். வெளிநாட்டுப் பயணம் என்பதால் ஈப்போவில் ஒரு தொப்பி வாங்கியிருந்தேன். ஆட்டு ரோமத்தை அழுத்திச் செய்த கெட்டியான சாம்பல் நிறத் தொப்பி. வழியில் இரண்டு பேர் அண்ணனிடம், "கண்ணாசுபத்திரிக்கு வந்த டாக்டரா?" என்று விசாரித்தார்கள். அண்ணன் இல்லை என்று சொல்லவில்லை.

ஊருக்குள் நுழைந்ததும் ஏலக்காய் வாசம் மூக்கில் ஏறியது. சந்துக்குச் சந்து சாக்குகள், சல்லடைகள், தரம் பிரிக்கிற பெண்கள். ஆனால் வீட்டில் மதினி கொடுத்த டீயில் சுக்கு மட்டுமே இருந்தது. மறுநாள் மூன்று கடைகளில் குடித்துப் பார்த்தேன். எதிலும் ஏலக்காய் இல்லை. மதினியிடம் கேட்டேன்.

"அது யாவாரத்துக்கு, கொழுந்தனாரே" என்றார். "விக்கிற சாமானத் திங்கிறதுக்கு நாம என்ன ஈப்போக்காரகளா?"

மதினியின் பெயர் ராசாத்தி. மெலிந்த உடம்பு, ஓங்கிய குரல். எங்கள் பக்கம் விருந்தாளியைப் பார்த்ததும் 'பசியாறினீர்களா' என்று கேட்போம். மதினி எதையும் கேட்கவில்லை. இலையைப் போட்டு, சோற்றைக் கொட்டி, நாட்டுக்கோழிக் குழம்பை ஊற்றி, பக்கத்தில் மொச்சைப் பயறையும் குவித்துவிட்டு, "திங்க முடியாட்டிச் சொல்லுங்க, இன்னுங் கொஞ்சம் வைக்கிறேன்" என்றார். இந்தக் கணக்கு எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணன் என்னை மாட்டுக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். ஒரு பக்கம் இரண்டு எருமைகள். மறுபக்கம் கார். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது அவரிடமிருந்து பெரியப்பா வாங்கியது. கறுப்பு நிறம், உருண்டை விளக்குகள், என்னைவிட நாலு வயது மூப்பு. போடியில் வயதானவர்கள் காரை இன்னும் 'பிளசர்' என்றுதான் சொல்கிறார்கள். அண்ணனும் அப்படியே. வண்டிக்கு அடியில் ஒரு அலுமினியச் சட்டி இருந்தது. சொட்டு, சொட்டு என்று அதில் எண்ணெய் விழுந்துகொண்டிருந்தது.

"எருமை ரெண்டும் பால் கறக்குது. இது எண்ணெ கறக்குது" என்றார் பின்னாலேயே வந்த மதினி. "இந்த வருசம் இவுக மலையேறலேன்னா இதுல கோழி அடைக்கப் போறேன். சொல்லிட்டேன்."

அண்ணன் சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. மதினி விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. கோழிகளை அவர் ஏற்கெனவே சொல்லிவைத்திருந்தார்.

மலையேறுவது என்றால் என்ன என்று அன்று மாலைதான் முழுசாகக் கேட்டேன். போடியில் பழைய கார் வைத்திருப்பவர்கள் மொத்தம் ஏழு பேர். வருஷத்துக்கு ஒருமுறை ஏழு வண்டிகளையும் ஓரிடத்தில் நிறுத்தி ஊருக்குக் காட்டுவார்கள். ஈப்போவிலும் இப்படி உண்டு. கிளப்பின் புல்தரையில் நிறுத்தி, சுற்றிலும் கயிறு கட்டி, 'தொடாதீர்கள்' என்று பலகை வைத்திருப்பார்கள். நாங்களும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்துவிட்டு வருவோம். போடியில் கயிறும் இல்லை, பலகையும் இல்லை. பிரச்சினை இடம்தான்.

முதல் வருஷம் அரிசி மில்லின் நெல் களத்தில் நடத்தினார்கள். மில் வேலுச்சாமியுடையது, அவரும் ஏழு பேரில் ஒருவர். அந்த வாரம் அரைத்த அரிசியை வாங்கிப்போனவர்கள் சோற்றில் பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்று திருப்பிக் கொண்டுவந்து கொட்டினார்கள். வேலுச்சாமி தன் கூட்டத்தைத் தானே தன் களத்திலிருந்து விலக்கிவைத்தார். இரண்டாம் வருஷம் சினிமாக் கொட்டகை வாசல். மேட்னிக் காட்சியில் திரையில் தாயும் மகளும் கட்டிக்கொண்டு அழுகிற நேரம், வெளியே ஏழு ஹாரனும் ஒன்றாக அடித்தன. உள்ளே இருந்த பெண்கள் திரண்டு வெளியே வந்தார்கள். அதற்குப் பிறகு நடந்ததை அண்ணன் விவரிக்கவில்லை. மூன்றாம் வருஷம் தண்ணீர் வற்றிய கண்மாய். வண்டிகள் அழகாக இறங்கின, ஏறத்தான் இல்லை. நாலாம் வருஷம் ஒரு கோயில் தேர் நிற்கிற கொட்டகை. தேருக்குப் பக்கத்தில் நின்றதால் ஜனங்கள் காருக்கும் விபூதி பூசி, கற்பூரம் ஏற்றப் பார்த்தார்கள். பெட்ரோல் வண்டிக்குக் கற்பூரம்! பூசாரியே ஓடிவந்து தடுத்தாராம்.

ஒவ்வொரு இடத்திலும் ஏழு கறுப்புக் கறை மிஞ்சியது. இப்போது ஊரில் யாரும் இடம் தருவதில்லை. கடைசியில், அண்ணனுக்குத் தெரிந்த ஒரு தோட்ட முதலாளி, மலை மேல் தன் தோட்டத்தில் காப்பி காயவைக்கிற களத்தைத் தருகிறேன் என்று சொல்லியிருந்தார். சிமிண்டுத் தளம், நல்ல அகலம். போடிமெட்டுக்குப் போகிற மலைச்சாலையில் முக்கால்வாசி ஏறிப் பிரிய வேண்டும். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் என்று முடிவாகியிருந்தது. இடையில் இரண்டே நாள்.

மறுநாள் காலை சீலைப் பொருத்த உட்கார்ந்தோம். அண்ணன் முன்பக்க உருளையைக் கழற்றி, துடைத்து, ஒரு பூவைப் போல என் சீலை எடுத்துத் தண்டில் நுழைத்தார். நுழையவில்லை. திருப்பி நுழைத்தார். ஒரு நகக் கனம் சின்னதாக இருந்தது.

எருமைகூட அசைபோடுவதை நிறுத்தின மாதிரி இருந்தது.

அளவுக்காக அண்ணன் கடிதத்தோடு ஒரு நூலை வைத்து அனுப்பியிருந்தார். தண்டைச் சுற்றி எடுத்த நூல். அதை நான் கடையில் வைத்து அளந்துதான் சீலைத் தேர்ந்தெடுத்தேன்.

"நூல் சுருங்கிருச்சுண்ணே" என்றேன்.

"நூலு சுருங்கலடா. நீ தொய்வா வச்சு அளந்திருப்ப."

"இருபது வருஷமா இதான்ணே என் வேலை."

"இருவது வருசமா எத்தன பேருக்கு இப்படிக் குடுத்தியோ!"

முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது. நூறு கிராம்கூட இல்லாத வளையத்தைக் கொடுக்கக் கடல் தாண்டி வந்தவன், அதையும் தப்பாகக் கொண்டுவந்திருந்தேன். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், கொட்டகை ஓரத்தில் முதுகைக் காட்டி நின்றார். மதினி மட்டும் கீழே குனிந்து, பழைய சீல் இருந்த பள்ளத்திலிருந்து பிய்ந்துபோன எதையோ விரலால் எடுத்துப் பார்த்தார்.

"இது ரப்பர் இல்லியே. கம்பளி மாதிரில்ல இருக்கு?"

வாங்கிப் பார்த்தேன். உண்மைதான். அந்தக் காலத்து வண்டிகளுக்கு ரப்பர் கிடையாது. ரோமத்தை அழுத்திய கெட்டித் துணியை வளையமாக வெட்டி, கொழுப்பில் ஊறவைத்துப் பொருத்துவார்கள். இருபது வருஷ அனுபவம் என்று இப்போதுதான் சொல்லியிருந்தேன். மதினி என்னை நிமிர்ந்து பார்த்தார். பிறகு என் முகத்துக்கு மேலே பார்த்தார்.

"கொழுந்தனாரே, இந்தத் தொப்பி என்ன துணி?"

கத்தரிக்கோலை மதினிதான் கொண்டுவந்தார். வெட்டியது நான். தொப்பியின் விளிம்பிலிருந்து இரண்டு வளையம் கிடைத்தது. ஆட்டுக் கொழுப்பை உருக்கி அதில் போட்டு, பொங்கல் பானைக்குப் பக்கத்திலேயே ஊறவைத்தோம். மாட்டுப் பொங்கலன்று எருமைகளுக்குக் கொம்பில் வர்ணம் பூசியபோது அண்ணன் காரின் முன் விளக்குகளுக்கும் சந்தனம் வைத்தார். மாலை வளையத்தைப் பொருத்தி எஞ்சினை ஓட்டிப் பார்த்தோம். சட்டியில் சொட்டு விழவில்லை. அண்ணன் என்னிடம் பேசத் தொடங்கினார். விளிம்பு இல்லாத தொப்பியை மறுநாளும் போட்டுக்கொண்டேன். மலையில் குளிரும் என்றார்கள். இப்போது யாரும் டாக்டரா என்று கேட்கவில்லை.

விடிந்ததும் ஏழு வண்டிகளும் முந்தலில், மலையடிவாரத்தில் கூடின. முதலில் வேலுச்சாமியின் பச்சைக் கார். அமெரிக்க வண்டி, உள்ளே வெள்ளை உறை போட்ட இருக்கைகள், கண்ணாடிக்குப் பக்கத்தில் மல்லிகைச் சரம். ஒவ்வொரு வருஷமும் முதல் பரிசு அவருக்குத்தான். பரிசுக் கோப்பையைக் கடையில் காசு கொடுத்து வாங்கிவருவதும் அவரேதான் என்று அண்ணன் காதோடு சொன்னார்.

மலைச்சாலையின் கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை என்பதில் போடியில் ஆளுக்கொரு கணக்கு. நான் எண்ணவில்லை. எனக்கு வேறு சோலி இருந்தது. எங்கள் காருக்குக் கைப்பிரேக் பிடிக்காது. நிற்கும்போதெல்லாம் ஒருவர் குதித்துப் பின்சக்கரத்துக்குக் கீழே கல்லை வைக்க வேண்டும். கிளம்பும்போது அந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு ஓடி ஏற வேண்டும். கல் ஒரு பூசணிக்காய் அளவு இருக்கும்.

"கல்லப் போடு! வெரசா!" என்று அண்ணன் கத்துவார். நான் குதிப்பேன். தண்ணீர் ஊற்றி எஞ்சின் ஆறும்வரை நிற்போம். "கல்ல எடு!" என்பார். ஓடுவேன். எங்கள் கேமரன் மலைக்கு நான் எத்தனையோ முறை காரில் போயிருக்கிறேன். ஜன்னல் பக்கம் உட்கார்ந்து தேயிலையைப் பார்த்துக்கொண்டே போவது. மலைப் பயணம் என்றால் அதுதான் என்று அன்றுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மதினி சோற்றுப் பானைகளோடு ஒரு வாடகை ஜீப்பில் வந்தார். அந்த ஜீப்பில் மேலும் பதினான்கு பேர், இரண்டு ஆடு. எங்களைக் கடக்கும்போது கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினார். கேரளத்திலிருந்து இறங்கிவந்த பஸ் ஒன்று வளைவில் எங்களுக்காக நின்றது. நீராவி விட்டுக்கொண்டு ஏழு வண்டிகள் வரிசையாக ஊர்வதை ஒரு மலையாள அம்மாள் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரிடம் மலையாளத்தில் கேட்டார். எனக்குப் புரிந்தவரை இதுதான்: "இவர்கள் கல்யாணத்துக்குப் போகிறார்களா, சாவுக்குப் போகிறார்களா?" பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் யோசித்து, "திரும்பி வரும்போது கேட்டால் தெரியும்" என்றார்.

பத்து மணி வாக்கில் தோட்டத்துக்குள் நுழைந்தோம். களம், மலையின் தோளில் வெயில் நன்றாக விழுகிற இடத்தில் இருந்தது. அது நிறையக் காப்பி பரப்பியிருந்தது. நடுவில் பலகைக் கோலை ஊன்றிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். ஐம்பது வயது இருக்கும். தலையில் துண்டு, சேலைக்கு மேல் ஆண்கள் போடுகிற முழுக்கைச் சட்டை. பெயர் பேச்சியம்மா. களத்துக்குக் கங்காணி.

அண்ணன் இறங்கிப்போய் விவரத்தைச் சொன்னார். முதலாளி, மகள் பிரசவத்துக்காக மதுரைக்குப் போயிருந்தார். களத்தைக் கொடுத்த விஷயத்தைக் களத்துக்காரியிடம் சொல்ல மறந்திருந்தார்.

"மொதலாளி சொன்னாருன்னா கடுதாசி எங்கங்கய்யா?"

"வாயாலதான் சொன்னாரு, ஆத்தா."

"எங்கிட்டச் சொல்லலியே." குனிந்து ஒரு கைப்பிடி காப்பியை எடுத்து அண்ணனின் காதுக்குப் பக்கத்தில் குலுக்கினாள். "கேட்டீகளா? கலகலங்குது. இன்னும் ஒரு வெயிலு போதும். இப்பப் போயி இதும் மேல எண்ணெ வண்டிய நிறுத்துனா எல்லாம் அந்த நாத்தத்த இழுத்துக்கிடும். காப்பி அம்புட்டையும் இழுக்கும். இந்த வருசத்து வெள்ளாமையே போச்சு."

வேலுச்சாமி முன்னால் வந்து, தன் வண்டி ஒழுகாது என்றார். மற்றவர்களும் ஒவ்வொருவராக அதையே சொன்னார்கள். அவள் எல்லாரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சரி. களத்து ஓரத்துல ஆளுக்கொரு சாக்கப் போட்டு அதும் மேல வண்டிய நிறுத்துங்க. நான் ஒருக்காக் காப்பியக் கெளறி முடிக்கிறேன். எந்தச் சாக்குல சொட்டு இல்லியோ அது உள்ள வரட்டும். பாதிக் களத்த ஒதுக்கித் தர்றேன்."

நான் ஈப்போவில் போட்டிகள் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு போட்டியைப் பார்த்ததில்லை. எல்லாரும் வாட்ச்சைப் பார்த்தபடி நின்றோம். அவள் அவசரமே படாமல் களத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கோலை இழுத்துக் கிளறினாள். சுமார் அரைமணி நேரம். பிறகு வந்து ஒவ்வொரு சாக்காக உருவினாள். கண்ணால் பார்த்ததோடு விடவில்லை; மூக்கருகே பிடித்து முகர்ந்தாள். வேலுச்சாமியின் சாக்கை முகர வேண்டிய தேவையே இருக்கவில்லை. பிழிந்தால் ஒரு விளக்கு ஏற்றலாம். இரண்டு, மூன்று, நாலு, எல்லாம் கறை. கடைசியாக எங்கள் சாக்கு.

முன்பக்கம் சுத்தமாக இருந்தது. என் தொப்பி ஒரு துளியைக்கூட விடவில்லை. எனக்கு நெஞ்சு விம்மிப் போனது. அதற்குள் அவள் சாக்கின் மறுகோடியைத் திருப்பிக் காட்டினாள். நடுவில் எட்டணா அளவுக்கு ஒரு வட்டம். கியர் பெட்டி. அதை நாங்கள் நினைக்கவே இல்லை.

"ஓரமா நிறுத்திட்டுச் சாப்ட்டுப் போங்கய்யா" என்றாள் பேச்சியம்மா. ஏளனமாகச் சொல்லவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

பாதையோரம் ஏழு வண்டிகளும் மூக்கும் வாலுமாக நின்றன. பார்க்க ஆளே இல்லை. தொழிலாளர் குடும்பங்களில் பாதிப் பேர் பொங்கலுக்குச் சிலமலைக்கும் போடிக்கும் இறங்கியிருந்தார்கள். களத்து வேலைக்குப் பேச்சியம்மாவோடு சேர்த்து மூன்று பெண்கள்தான். மதினி சோற்றைப் போட்டார். காந்தாரி மிளகாய் போட்டு அரைத்த துவையல். கண்ணில் தண்ணீர் வந்தால் அது துவையலால்தான் என்று ஏழு பேரும் சொல்லிக்கொள்ள வசதியாக இருந்தது. அண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எங்களுக்கு எடமே இல்லப்பா" என்றார் என்னிடம், மெதுவாக.

சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் வெளிச்சம் மங்கியதைக் கவனித்தோம். மேட்டுப் பக்கத்திலிருந்து மேகம் சரிந்து இறங்கிக்கொண்டிருந்தது. தை மாதத்தில் மழையா என்று வேலுச்சாமி சொல்லி முடிக்கவில்லை, என் தொப்பியில் முதல் துளி விழுந்தது.

களத்தில் பேச்சியம்மா கத்தினாள். மூன்று பெண்களும் கூட்டிக் குவிக்கத் தொடங்கினார்கள். தார்ப்பாய் ஒன்றுதான் இருந்தது, அதிலும் கிழிசல். காப்பியை வைக்கிற ஸ்டோர் பாதையில் கீழே ஒன்றரை வளைவு தள்ளி. டிராக்டர் டிரைவர் ஊருக்குப் போயிருந்தான். மூன்று பேர் தலைச்சுமையாக எத்தனை மூட்டை சுமக்க முடியும்? காய்ந்த காப்பி நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும். ஒரு வருஷத்து உழைப்பு அப்படியே குப்பைக்குப் போகும்.

யார் முதலில் ஓடியது என்று எனக்கு நினைவில்லை. நான் ஓடும்போது அண்ணன் எனக்கு முன்னால் இருந்தார். எல்லாரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கையாலும் பலகையாலும் காப்பியைக் கூட்டி அள்ளிச் சாக்கில் போட்டோம். மூட்டை நிறைந்தது. கொண்டுபோவது எப்படி?

பேச்சியம்மா எங்கள் கார்களைப் பார்த்தாள். ஓடிப்போய் வேலுச்சாமியின் கார்க் கதவைத் திறந்து தலையை உள்ளே விட்டு முகர்ந்தாள்.

"உள்ள நாறல. கீழதான் நாறுது" என்றாள்.

வேலுச்சாமி தன் வெள்ளை உறைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஒரு நொடிதான். அதற்குள் மதினி ஒரு மூட்டையை இழுத்துவந்து பின் இருக்கையில் தள்ளினார்.

"உறையத் தொவச்சுக்கலாம், அண்ணே. காப்பியத் தொவைக்க முடியுமா?"

அதன் பிறகு ஏழு வண்டிகளும் லோடு அடித்தன. இருக்கையில் மூன்று மூட்டை, முன்னால் ஒன்று, மடியில் ஒன்று. பாதையில் திருப்ப இடம் இல்லாததால் இறக்கிவிட்டு மேலே பின்னோக்கியேதான் ஏறி வர வேண்டும். முப்பது வருஷமாகப் பட்டுத் துணியால் துடைத்த வண்டிகள் சேற்றில் பின்னால் பின்னால் ஊர்ந்து வந்தன. நான் கல்லோடு முன்னும் பின்னும் ஓடினேன், எங்கள் வண்டிக்கு மட்டுமல்ல, ஏழுக்கும். "கல்லு! ஈப்போ, கல்லு!" என்று ஆளாளுக்குக் கூப்பிட்டார்கள். என் பெயரை அன்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் காரின் பின் கண்ணாடியை மழை மறைத்தது, மதினி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "எடது… இன்னும் எடது… அங்கன பள்ளமிருக்கு, நிறுத்துங்க!" என்று வழி சொல்லிக்கொண்டே வந்தார். அவர் அந்தக் காரில் உட்கார்ந்து பல வருஷமாகிறது என்று பிறகு தெரிந்தது.

கடைசி ஒரு குவியல் மட்டும் நனைந்தது. மற்றதெல்லாம் கூரைக்குள் போய்விட்டது. கடைசி மூட்டை உள்ளே விழுந்த பிறகுதான் மழை உண்மையாகவே பிடித்தது.

ஸ்டோரில் ஏலக்காய் உலர்த்துகிற அறை வெதுவெதுப்பாக இருந்தது. சுவரோரம் உட்கார்ந்தோம். எங்கள் சட்டைகளிலிருந்து ஆவி கிளம்பியது. யாரோ கட்டஞ்சாயா கொண்டுவந்தார்கள். பால் இல்லாத டீக்கு அங்கே அதுதான் பெயர். ஒரு வாய் குடித்தேன். ஏலக்காய்! மதினியைப் பார்த்தேன். அவர் வேண்டுமென்றே வேறு பக்கம் பார்த்தார்.

மழை விட்டதும் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் இருந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். கிழவர்கள், இடுப்பில் பிள்ளையோடு பெண்கள். ஸ்டோர் வாசலில் சேறு அப்பி நின்ற ஏழு வண்டிகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். கதவைத் திறந்தார்கள், உட்கார்ந்தார்கள், ஹாரனை அடித்தார்கள். யாரும் தடுக்கவில்லை. எந்த வருஷத்து வண்டி, எந்த நாட்டு வண்டி என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லாருக்கும் ஒரே கேள்விதான்: "இது எத்தன மூடை ஏத்தும்?"

வேலுச்சாமி நிமிர்ந்து நின்று, "நாலு அசால்ட்டா ஏத்தும். நெருக்கிப் பிடிச்சா அஞ்சு" என்றார். பரிசுக் கோப்பை பச்சைக் காரின் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அதை எடுக்கும் எண்ணம் அவருக்கு வரவில்லை.

பொழுது சாய்வதற்குள் இறங்க வேண்டும் என்று கிளம்பினோம். பேச்சியம்மா துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அண்ணனிடம் வந்தாள்.

"அய்யா, அடுத்த வருசம் எப்ப வருவீக?"

அண்ணனுக்குச் சட்டென்று புரியவில்லை. "எங்க, ஆத்தா?"

"இங்கதான். பொங்கலுக்கு ஆளுக எல்லாம் எறங்கிப் போயிருதுக. நீங்க ஏழு பேரும் வந்தா ஒத்தாசையா இருக்கும். ஸ்டோரு வாசல்ல நிறுத்திக்கங்க. களத்துப் பக்கம் மட்டும் கொண்டாராதீக."

மற்ற ஆறு பேரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். நெல் களத்திலிருந்தும், கொட்டகை வாசலிலிருந்தும், கண்மாயிலிருந்தும், தேரடியிலிருந்தும் வெளியேறியவர்கள். இதுவரை ஒரு இடத்துக்காரரும் மறுபடி வாருங்கள் என்று சொன்னதில்லை.

"வர்றோம், ஆத்தா" என்றார் அண்ணன்.

அவள் போனதும் அவர் வண்டியின் முன்பக்கம் சுற்றிவந்து, பானட்டைத் தூக்கி, உள்ளே தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அங்கே சரிபார்க்க எதுவும் இல்லை என்று எனக்குத் தெரியும். மதினிக்கும் தெரிந்திருக்க வேண்டும். அவர் முன் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, "இருக்கட்டும் கொழுந்தனாரே, மெதுவா வரட்டும்" என்றார்.